சீசன் முடிந்த பிறகு கிரீட் தீவு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிரேக்க நாட்டின் தென்கோடியில், மத்தியதரைக் கடலில் இருக்கும் கிரீட் தீவுக்குக் குளிர்காலத்தில் போக நினைப்பவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. அவற்றை அவர்கள் கேட்ட சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். கடற்கரை விடுதியில் ஒரு வாரம் படுத்திருப்பது பற்றி இதில் ஒன்றும் இல்லை. நடப்பது, மலை பார்ப்பது, ஊர் பார்ப்பது, சாப்பிடுவது ஆகியவை பற்றியே பெரும்பாலும் பேசப்படுகிறது.

1. சீசன் இல்லாத காலம் என்று எந்த மாதங்களைச் சொல்கிறீர்கள்?

நவம்பர் முதல் மார்ச் வரையிலான ஐந்து மாதங்களை. வட ஐரோப்பிய நகரங்களிலிருந்து நேராக வந்திறங்கும் விமானங்களில் பெரும்பாலானவை அக்டோபர் இறுதியோடு நின்றுவிடுகின்றன. அதன் பின்னர் ஏதென்ஸ் வழியாக விமானத்திலோ, ஏதென்ஸின் துறைமுகமான பிரேயஸிலிருந்து இரவுக் கப்பலிலோதான் பெரும்பாலோர் வருகிறார்கள்.

அக்டோபரும் ஏப்ரலும் இரண்டுங்கெட்டான் மாதங்கள். அக்டோபரில் கடல் இன்னும் சூடாக இருக்கும், ஏப்ரலில் மலைச்சரிவெல்லாம் பூத்திருக்கும். முதன்முறை போகிறவர், தேதி தம் கையில் இருந்தால், இவ்விரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதே நல்லது என்பது என் கருத்து. விடுப்பு டிசம்பரில்தான் கிடைக்கும் என்பவர்கள் தொடர்ந்து படிக்கலாம்.

2. குளிர் தாங்க முடியுமா? ஊட்டி மாதிரி இருக்குமா?

ஹெராக்லியோன் நகரில் ஜனவரி மாதப் பகல் வெப்பநிலை சராசரியாக 15 டிகிரி செல்சியஸை ஒட்டியும், இரவு வெப்பநிலை 9 டிகிரியை ஒட்டியும் இருக்கும். ஊட்டியின் ஜனவரி இரவுகளை அறிந்தவருக்கு இது பெரிய குளிர் அல்ல. தொல்லை தருவது மழையும் காற்றும்தான். கோடையில் ஏறக்குறைய மழையே பெய்யாத இந்தத் தீவு, ஆண்டு முழுவதற்குமான நீரை அக்டோபருக்கும் மார்ச்சுக்கும் இடையில் வாங்கிக்கொள்கிறது. மேற்குப் பகுதியில் மழை அதிகம். தென்கிழக்கில் உள்ள இயெராபெத்ராப் பக்கம் மிகக் குறைவு, அதனால்தான் அங்கே பசுங்குடில்களில் குளிர்காலம் முழுவதும் காய்கறி விளைகிறது.

மழைக்கு நடுவே, குறிப்பாக ஜனவரியில், காற்று அடங்கி வெயில் அடிக்கும் சில நாட்கள் வருவதுண்டு. கிரேக்கர்கள் அவற்றை அல்கியோனிதெஸ் நாட்கள் என்பார்கள். தெற்கிலிருந்து சகாராப் பாலைவனத்தின் தூசியோடு வெப்பக் காற்று வீசும் நாட்களும் உண்டு. அப்போது குளிர்காலத்திலேயே வெப்பநிலை 20 டிகிரியைத் தாண்டிவிடும், வானம் மஞ்சளித்துக் கிடக்கும்.

பலர் எதிர்பாராதது வீட்டுக்குள் இருக்கும் குளிர். கல் சுவரும் ஓட்டுத் தரையுமாக இருக்கும் பழைய வீடுகள் கோடைக்காகக் கட்டப்பட்டவை. அறை பதிவு செய்யும்போது, அறையைச் சூடாக்கும் வசதி இருக்கிறதா, நாள் முழுவதும் இயங்குமா என்று எழுதிக் கேட்டுப் பதில் வாங்கிக்கொள்வது அவசியம்.

3. எல்லாம் மூடிக் கிடக்குமாமே, போய் என்ன செய்வது?

மூடிக் கிடப்பவை பயணிகளுக்காகவே உருவான ஊர்கள். மாலியா, ஹெர்சோனிசோஸ், பிளதானியாஸ் போன்ற இடங்களில் விடுதிகளும் உணவகங்களும் பெரும்பாலும் கதவடைத்துவிடும். தெருவில் பூனைகள்தான் மிஞ்சும். ஆனால் ஹெராக்லியோன் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் நகரம். கிரீட் பல்கலைக்கழகம் ரெதிம்னோவிலும் ஹெராக்லியோனிலும், தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் ஹனியாவிலும் இயங்குவதால், இந்த மூன்று நகரங்களின் காப்பிக் கடைகளும் உணவகங்களும் குளிர்காலத்தில்தான் மாணவர்களால் நிரம்பி வழிகின்றன.

வெண்கலக் காலத்தில் இந்தத் தீவில் வாழ்ந்த மினோவன் மக்களின் கினோசோஸ் அரண்மனை, ஹெராக்லியோன் தொல்லியல் அருங்காட்சியகம் ஆகியவை குளிர்காலத்திலும் திறந்திருக்கும். ஆனால் நேரம் குறைவு, மாலையில் சீக்கிரம் அடைத்துவிடுவார்கள். நவம்பர் முதல் மார்ச் வரை ஒவ்வொரு மாதத்தின் முதல் ஞாயிறன்றும் அரசுத் தொல்லியல் தளங்களில் கட்டணம் இல்லை. டிசம்பர் 25, 26, ஜனவரி 1, மார்ச் 25 ஆகிய நாட்களில் இவை மூடப்பட்டிருக்கும்.

4. எந்த ஊரில் தங்குவது?

கிழக்கு மேற்காக ஏறத்தாழ 260 கிலோமீட்டர் நீளமுள்ள தீவு இது. ஒரே ஊரில் தங்கி முழுவதையும் பார்த்துவிடலாம் என்று எண்ணுவது வீண். நடைப்பயணமே முதன்மை என்றால் ஹனியா. மினோவன் காலத் தொல்லியல் என்றால் ஹெராக்லியோன். இரண்டுக்கும் நடுவில், சிறிய ஊராகவும் இருக்க வேண்டும் என்றால் ரெதிம்னோ. தென்கரைச் சிற்றூர்களான பலியோஹோரா, சூயா போன்றவை அழகானவைதான், ஆனால் ஜனவரியில் அங்கே திறந்திருக்கும் உணவகங்களை ஒரு கை விரல்களால் எண்ணிவிடலாம். ஓரிரவுக்கு மேல் அங்கே தங்குவதற்குத் தனிமை பிடித்திருக்க வேண்டும்.

5. கடலில் குளிக்கலாமா?

நவம்பரில் கடல்நீர் 20 டிகிரியை ஒட்டி இருக்கும், தாராளமாக இறங்கலாம். பிப்ரவரி, மார்ச்சில் 16 டிகிரிக்கு இறங்கிவிடும். உள்ளூர் முதியவர்கள் அப்போதும் நீந்துகிறார்கள், பழக்கமில்லாதவருக்கு அது நாலு நிமிட மகிழ்ச்சி. கரையில் உயிர்காப்பாளர்கள் இருக்க மாட்டார்கள். வடகரையில் அலை உயரமாக இருக்கும் நாளில் முழங்காலுக்கு மேல் இறங்காமல் இருப்பதே அறிவு. புயலுக்குப் பின் கடற்கரைகளில் பாசியும் பிளாஸ்டிக்கும் ஒதுங்கிக் கிடக்கும், கோடையில் எடுத்த படங்களைப் பார்த்துவிட்டுப் போய் ஏமாற வேண்டாம்.

6. விசா, காப்பீடு?

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு ஷெங்கன் விசா தேவை. பயணத்துக்கு ஆறு மாதம் முன்னதாகவே விண்ணப்பிக்கலாம், குறைந்தது பதினைந்து நாட்களுக்கு முன்பாவது விண்ணப்பித்திருக்க வேண்டும். குறைந்தபட்சம் 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு கட்டாயம். மலைப்பகுதியில் நடக்கப் போகிறவர்கள், அந்தக் காப்பீடு மலையேற்றத்தில் ஏற்படும் விபத்தையும் மீட்புச் செலவையும் ஏற்குமா என்று ஒப்பந்தத்தைப் படித்துப் பார்க்க வேண்டும். மலிவானவை பல ஏற்பதில்லை.

7. கார் கட்டாயமா? பஸ்ஸிலேயே சுற்றிவிட முடியாதா?

ஹெராக்லியோன், ரெதிம்னோ, ஹனியா ஆகிய மூன்றுக்கும் இடையே மட்டும் போய்வருவதென்றால் பஸ் போதும். குளிர்காலத்திலும் அந்தத் தடத்தில் நாள் முழுவதும் வண்டி ஓடுகிறது. தெற்கே போகும் பஸ்கள் நாளைக்கு ஒன்றிரண்டுதான், வார இறுதியில் அதுவும் குறையும். காலையில் போய் மாலையில் திரும்ப முடியாதபடி நேர அட்டவணை அமைந்திருப்பதும் உண்டு. ஆகவே நடைப்பயணம் செய்கிறவர்களுக்குச் சில நாட்களாவது கார் வேண்டும்.

இந்திய உரிமத்தோடு பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியும் கையில் இருக்க வேண்டும். வண்டிகள் சாலையின் வலப்பக்கம் ஓடும். வடகரை நெடுஞ்சாலையில் மெதுவாகப் போகிறவர் ஓரக்கோட்டைத் தாண்டி ஒதுங்கிப் பின்னால் வருபவருக்கு வழிவிடுவது உள்ளூர் வழக்கம். வளைவுக்கு அப்பால் யாராவது வண்டியை நிறுத்தியிருக்கக்கூடும் என்பதால் கண்ணை மூடிக்கொண்டு அதைப் பின்பற்ற வேண்டாம். மலைச்சாலைகளில் மழைக்குப் பின் பாறைத் துண்டுகள் விழுந்து கிடக்கும், ஆடுகள் சாலையிலேயே நிற்கும். மண் சாலையில் ஏற்படும் சேதத்தை வாடகைக் கார் ஒப்பந்தங்கள் வழக்கமாக ஏற்பதில்லை. பலோஸ் கடற்கரைக்குப் போகும் கரடுமுரடான பாதைக்குள் திரும்பும் முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

8. சமரியா மலையிடுக்கு மூடியிருந்தாலும் வாசலில் யாரும் இல்லையென்றால் இறங்கிவிடலாம் என்கிறார்களே?

கூடாது. சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை. 1962 முதல் தேசியப் பூங்காவாக இருக்கும் சமரியா, பொதுவாக மே தொடக்கத்திலிருந்து அக்டோபர் இறுதிவரை மட்டுமே திறந்திருக்கும். லெஃப்கா ஓரி எனப்படும் வெண்மலைகளின் பெரும்பகுதியில் விழும் மழையும் உருகும் பனியும் வடிந்து ஓடும் வழி அதுதான். ‘இரும்புக் கதவுகள்’ என்று அழைக்கப்படும் இடத்தில் செங்குத்தான பாறைச் சுவர்களுக்கு இடையே உள்ள அகலம் சில மீட்டர்களே. மேலே மலையுச்சியில் பெய்த மழை கீழே நடப்பவருக்குத் தெரியாது. வெள்ளம் அங்கே வரும்போது ஏறி ஒதுங்க இடமில்லை.

இன்னொரு காரணத்தைப் பலர் யோசிப்பதில்லை. 1,200 மீட்டருக்கு மேலான உயரத்திலிருந்து 16 கிலோமீட்டர் நடந்து கடலோரத்தில் உள்ள அகியா ரூமெலிக்கு இறங்கிய பின், அங்கிருந்து வெளியேறச் சாலை கிடையாது. கோடையில் படகு உண்டு. குளிர்காலத்தில் அந்தப் படகை நம்ப முடியாது (13ஆம் கேள்வியைப் பார்க்கவும்). சமரியாவை நடந்தே தீர வேண்டும் என்பவர் அது திறந்திருக்கும் மாதங்களில் போக வேண்டும், வேறு வழியில்லை.

9. அப்படியானால் வேறு எங்கே நடப்பது?

நிறைய இடம் இருக்கிறது. என் கணக்கில் நடப்பதற்கு நல்ல காலமே நவம்பர் தொடக்கமும், பின்னர் மார்ச்சும்தான். ஜூலையில் நிழலில்லாத இந்தப் பாறைகளில் நடப்பது தண்டனை. ஹனியாவுக்குத் தெற்கே ஸ்ஃபாக்கியா வட்டாரத்தில் உள்ள இம்ப்ரோஸ் மலையிடுக்கு ஏறத்தாழ 8 கிலோமீட்டர். மலையூரில் தொடங்கி, கடலுக்கு மேலே உள்ள கொமிதாதெஸ் ஊரில் முடியும். வண்டி நிறுத்திய இடத்துக்குத் திரும்பக் கோடையில் கொமிதாதெஸில் வாகனங்கள் காத்திருக்கும், குளிர்காலத்தில் முன்னரே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். சூயாவிலிருந்து ஒரு சிறு மலையிடுக்கின் வழியாக ஏறி இறங்கினால், மருத்துவக் கடவுளான அஸ்க்லேபியஸின் கோயில் இடிபாடுகள் கிடக்கும் லிசோஸ் என்ற பழம்பதியை ஒன்றரை மணி நேரத்தில் அடையலாம். ஆள் நடமாட்டமில்லாத பிப்ரவரிப் பகலில் அந்த இடத்தில் நிற்பதற்காகவே இந்தத் தீவுக்கு வரலாம் என்பேன். கிழக்குக் கோடியில், மினோவன் மக்கள் இறந்தோரைக் குகைகளில் அடக்கம் செய்ததால் ‘இறந்தோர் மலையிடுக்கு’ என்று பெயர் பெற்ற பாதை, காத்தோ சாக்ரோஸ் அரண்மனை இடிபாடுகளுக்கு அருகே கொண்டுபோய் விடும். ஹனியாவை ஒட்டிய அக்ரோத்திரி தீபகற்பத்தில், குவெர்னெத்தோ மடத்திலிருந்து கைவிடப்பட்ட கதோலிக்கோ மடத்துக்கு இறங்கும் படிப்பாதை அரைநாளில் முடியும்.

எந்த மலையிடுக்காக இருந்தாலும் மழை நாளிலும் அதற்கு அடுத்த நாளிலும் இறங்க வேண்டாம். ஈரம் ஊறிய பாறையிலிருந்து கற்கள் கழன்று விழும். ஆடுகள் தள்ளிவிடும் கற்களும் உண்டு. டிசம்பரில் பகல் பத்து மணி நேரத்துக்கும் குறைவு, மாலை ஐந்தேகால் மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். நீண்ட பாதையைக் காலை ஒன்பதுக்குள் தொடங்காவிட்டால் அன்று விட்டுவிடுவது மேல். கோடையில் போல வழியில் வேறு நடையர்கள் வரமாட்டார்கள் என்பதால், எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்பதைத் தங்குமிடத்தில் சொல்லிவிட்டுப் போங்கள். அவசர உதவிக்கு எண் 112.

10. பனி பார்க்க வேண்டும் என்று பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள். கிடைக்குமா?

கிடைக்கும். தீவின் மிக உயரமான ப்சிலோரீத்திஸ் சிகரத்தின் உயரம் 2,456 மீட்டர். வெண்மலைகளின் உச்சியான பக்னெஸ் அதைவிட மூன்று மீட்டரே குறைவு. குளிர்காலம் முழுவதும் இவை வெள்ளையாக இருக்கும், வெண்மலைகளை ஹனியா துறைமுகத்தில் காப்பி குடித்துக்கொண்டே தெளிவான நாளில் பார்க்கலாம். தொட்டு விளையாட வேண்டுமென்றால் ஆயிரம் மீட்டருக்கு மேலுள்ள ஓமலோஸ் சமவெளிக்கோ, அனோகியா ஊருக்கு மேலே 1,400 மீட்டரில் உள்ள நீதா சமவெளிக்கோ பனி பெய்து சாலை திறந்த பின் போகலாம். சாலையில் உறைபனி இருக்குமென்பதால் புறப்படும் முன் அந்த ஊர்க்காரர் ஒருவரிடம் விசாரியுங்கள்.

சிகரம் ஏறுவது வேறு விஷயம். பனிக்கோடரியும் ஆணிக்காலணியும் பயன்படுத்தத் தெரியாதவர் வழிகாட்டி இல்லாமல் போகக் கூடாது. பெரிய நகரங்களில் மலையேற்றக் கழகங்கள் இருக்கின்றன, அவர்களிடம் நிலவரம் கேட்கலாம்.

11. எந்த மாதத்தில் என்ன பார்க்கக் கிடைக்கும்?

அக்டோபர் இறுதியிலும் நவம்பரிலும், திராட்சை பிழிந்த சக்கையை ஊர்தோறும் செம்புக் கொப்பரைகளில் காய்ச்சிச் சிகுதியா என்னும் சாராயம் வடிப்பார்கள். வடிக்கும் இடத்திலேயே விருந்தும் நடக்கும், வழிப்போக்கரையும் கூப்பிட்டு உட்கார வைப்பார்கள். நவம்பர் முதல் ஜனவரி வரை ஆலிவ் அறுவடை. மரத்தடியில் வலை விரித்து, கொம்பாலும் இயந்திரத்தாலும் தட்டிக் காயை உதிர்த்து, மூட்டைகளை அன்றன்றே செக்குக்குக் கொண்டுபோகிறார்கள். அரைக்கும் இடத்தில் தடையாக நிற்காமல் கேட்டால் பெரும்பாலும் உள்ளே விட்டுப் புது எண்ணெயில் ரொட்டியைத் தோய்த்துத் தருவார்கள். மேற்கே வூவெஸ் ஊரில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் பழையது என்று சொல்லப்படும் ஆலிவ் மரம் இன்றும் காய்க்கிறது.

ஜனவரி இறுதியில் வாதுமை பூக்கும். பிப்ரவரியில் அனிமோன் மலர்கள், மார்ச்சில் காட்டு ஆர்க்கிட்கள், ஏப்ரலில் ஸ்பீலி ஊருக்கு அருகில் கியூஸ் கம்போஸ் சமவெளியில் செந்நிறக் காட்டுத் துலிப்புகள். பாறை முகடுகளில் வட்டமிடும் கழுகுகள் ஆண்டு முழுவதும் உண்டு.

12. நாங்கள் சுத்த சைவம். பட்டினி கிடக்க நேருமா?

நேராது, குளிர்காலம் சைவர்களுக்குக் கோடையைவிட நல்லது. மழை பெய்தபின் மலைச்சரிவில் முளைக்கும் காட்டுக்கீரைகளை மக்கள் பறித்து வந்து அவித்து, ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சையும் ஊற்றி உண்கிறார்கள். ஹோர்த்தா என்று கேட்டால் போதும், லேசான கசப்புள்ள ஸ்தம்நகாத்தி கிடைத்தால் விடாதீர்கள். மஞ்சள் பட்டாணிப் பருப்பை மசித்த ஃபாவா, தக்காளியில் வேகவைத்த பெரிய வெள்ளை மொச்சையான கிகாந்தெஸ், வாற்கோதுமை ரஸ்க்கின் மேல் தக்காளியும் பாலாடைக்கட்டியும் வைத்த தாக்கோஸ் ஆகியவை எல்லா ஊரிலும் உண்டு. ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலத்தில் இறைச்சி, பால், முட்டை மூன்றையும் தவிர்ப்பவர்களுக்கென்று தனி உணவு சமைக்கிறார்கள். நிஸ்தீசிமோ என்று கேளுங்கள். 2027இல் அந்த நோன்பு மார்ச் 15 அன்றும், 2028இல் பிப்ரவரி 28 அன்றும் தொடங்குகிறது.

இங்கேதான் எச்சரிக்கை தேவை. நோன்புச் சாப்பாட்டில் கணவாயும் சிப்பியும் நத்தையும் அனுமதிக்கப்பட்டவை. நத்தை கிரீட்டின் பெருமைக்குரிய உணவு. ஆகவே நிஸ்தீசிமோ என்பதோடு நிறுத்தாமல், கடல் உணவும் நத்தையும் வேண்டாம் என்று சேர்த்துச் சொல்லுங்கள். வெறும் சோறுபோலத் தோன்றும் பிலாஃபி இறைச்சிச் சாற்றில் வெந்தது. பாலாடைக்கட்டிகளில் பல, விலங்கின் இரைப்பையிலிருந்து எடுத்த உறைபொருளைக்கொண்டு செய்யப்படுபவை. அதையும் தவிர்ப்பவர்கள் தாக்கோஸைப் பாலாடைக்கட்டி வைக்காமல் கேட்கலாம்.

13. படகு, கப்பல் ஓடுமா? கவ்தோஸுக்கும் ஸ்பினலோங்காவுக்கும் போக ஆசை.

பிரேயஸிலிருந்து ஹெராக்லியோனுக்கும் ஹனியாவுக்கும் வரும் பெரிய இரவுக் கப்பல்கள் ஆண்டு முழுவதும் ஓடுகின்றன. ஆனால் காற்று ஒரு அளவைத் தாண்டினால் துறைமுக அதிகாரிகள் கப்பல் புறப்படத் தடை விதிப்பார்கள். குளிர்காலத்தில் இது அரிதல்ல, ஓரிரு நாள் நீடிக்கவும் செய்யும். தென்கரைப் படகுகளும், ஐரோப்பாவின் தென்முனை என்று சொல்லப்படும் கவ்தோஸ் தீவுக்கான படகும் மிகக் குறைவாகவே ஓடும். போனால் திரும்பும் நாளை நீங்கள் முடிவு செய்ய முடியாது.

இந்தக் கடலின் குளிர்காலக் குணம் விவிலியம் படித்த தமிழர்களுக்குப் புதிதல்ல. கைதியாக ரோமுக்குக் கொண்டுபோகப்பட்ட பவுல், பயணக் காலம் கடந்துவிட்டது என்று எச்சரித்தும், கிரீட்டின் தென்கரையில் ‘நல்ல துறைமுகம்’ என்ற இடத்திலிருந்து வேறொரு துறைமுகத்தில் குளிர்காலத்தைக் கழிக்கப் புறப்பட்ட கப்பலைத்தான் யூரோக்கிலிதோன் காற்று இழுத்துக்கொண்டு போய் மால்டாவில் உடைத்தது. அவர்கள் வழியில் கடந்த கிலவுதா தீவு இன்றைய கவ்தோஸ்தான்.

1903 முதல் 1957 வரை தொழுநோயாளர் குடியிருப்பாக இருந்த ஸ்பினலோங்காவுக்கு வழக்கமான படகுகள் ஏப்ரல் முதல் அக்டோபர் வரைதான். மற்ற மாதங்களில் எதிர்க்கரையில் உள்ள பிளாக்கா ஊரிலிருந்து கோட்டை மதில் தெளிவாகத் தெரியும், அதோடு நிறைவடைய வேண்டியதுதான்.

14. செலவு உண்மையிலேயே குறையுமா?

அறை வாடகையும் கார் வாடகையும் நன்றாகக் குறையும். 2024 முதல் தங்குமிடங்களில் அறைக்கு இவ்வளவு என்று வசூலிக்கப்படும் அரசுக் கட்டணமும் நவம்பர் முதல் மார்ச் வரை குறைவு. சாப்பாட்டு விலையில் மாற்றமில்லை. ஏதென்ஸ் வழியாகச் சுற்றி வருவதும், பஸ் கிடைக்காமல் டாக்சி எடுப்பதும் மிச்சம் பிடித்ததில் ஒரு பகுதியைத் தின்றுவிடும்.

15. வயதான பெற்றோரை அழைத்துப் போகலாமா?

வெயில் தாங்காத பெரியவர்களுக்குக் கினோசோஸைக் குளிர்காலத்தில் பார்ப்பதே வசதி. கோடையில் அங்கே நிழலும் குறைவு, வரிசையும் நீளம். தங்குமிடத்தில் மட்டும் கவனம் வேண்டும். ஹனியா, ரெதிம்னோ பழைய நகரங்களின் அழகான வீடுகளில் குறுகிய மரப்படிகள் இருக்கும், மழையில் கல் பாவிய தெருக்கள் வழுக்கும். அவர்களுக்குப் புதிய பகுதியில் மின்தூக்கி உள்ள விடுதியே ஏற்றது. குழந்தைகள் உடன் வந்தால் மழை நாளில் ஹெராக்லியோனின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குப் போகலாம். நிலநடுக்கம் எப்படி இருக்கும் என்று உணர்த்தும் ஆடும் மேடை அங்கே உண்டு.

16. ஈஸ்டர் வாரமும் கூட்டமில்லாத காலம்தானே?

இல்லை. ஆர்த்தடாக்ஸ் ஈஸ்டர் 2027இல் மே 2 அன்றும் 2028இல் ஏப்ரல் 16 அன்றும் வருகிறது. அந்த வாரம் ஏதென்ஸில் வேலை பார்க்கும் கிரீட்காரர்கள் எல்லாம் ஊர் திரும்புவதால் கப்பலிலும் விமானத்திலும் இடம் கிடைப்பது கடினம். நோன்பு தொடங்குவதற்கு முந்தைய ஞாயிறன்று ரெதிம்னோவில் நடக்கும் கார்னிவல் ஊர்வலமும் இப்படித்தான். அந்த வார இறுதிக்கு ரெதிம்னோவில் அறை வேண்டுமானால் வெகுமுன்னதாகப் பதிவு செய்ய வேண்டும்.

17. ஏழு நாள் இருக்கிறது. நாள்வாரியாகத் திட்டம் போட்டுத் தர முடியுமா?

தேதி போட்ட திட்டத்தைத் தர மாட்டேன். அது இரண்டாம் நாள் மழையிலேயே கலைந்துவிடும். இரண்டு பட்டியல் எழுதிக்கொள்ளுங்கள். வெயில் நாளுக்கானதில் இம்ப்ரோஸ், லிசோஸ், கதோலிக்கோ, கினோசோஸ். மழை நாளுக்கானதில் அருங்காட்சியகங்கள், ஹனியா பழைய நகரம், ஆலிவ் செக்கு, நீண்ட மதிய உணவு. ஒவ்வொரு மாலையும் மறுநாள் வானிலையைப் பார்த்து, அது சரிப்படும் பட்டியலிலிருந்து ஒன்றை எடுங்கள். முதல் நான்கு இரவுகள் ஹனியாவிலும் அடுத்த மூன்று ஹெராக்லியோனிலும் தங்கினால் பெரும்பாலான இடங்கள் ஒன்றரை மணி நேரப் பயணத்துக்குள் அமையும்.

ஊர் திரும்பும் பன்னாட்டு விமானம் ஏதென்ஸிலிருந்து என்றால், ஏழாவது இரவைத் தீவில் கழிக்காமல் ஏதென்ஸில் கழியுங்கள். 13ஆம் கேள்வியில் சொன்ன தடை கப்பலுக்கு மட்டும்தான்; ஆயினும் கடும் காற்றில் தீவிலிருந்து கிளம்பும் விமானங்களும் தாமதமாகும், சில நேரம் ரத்தாகும்.